சர விளக்குக்கு அடியில் ஒரு முகம்

பாயைத் தட்டி விரித்துவிட்டு, இடுப்பு வலி தாளாமல் அதன் மேலேயே மல்லாந்து படுத்தேன். தலைக்கு நேர் மேலே புதுச் சர விளக்கு தொங்கியது. அதன் அடியிலிருந்து ஒரு குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொழுத்த கன்னம், சுருட்டை முடி, கழுத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சிறகு. விளக்கின் கைகளெல்லாம் வந்து சேரும் அடித்தட்டில், உள்ளங்கை அகலப் பித்தளையில், எந்த தேசத்துக் கொல்லனோ வெகு பொறுமையாக அந்த முகத்தை வார்த்திருந்தான்.

எழுந்து வாசல் பக்கம் போய் நின்று பார்த்தேன். பளிங்குத் தொங்கல்கள்தான் தெரிந்தன. சுவரோரம் போனேன். அங்கிருந்தும் தெரியவில்லை. திரும்ப வந்து விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து தலையைத் தூக்கினேன். குழந்தை சிரித்தது.

நடுப்பகல் தொழுகை முடிந்திருந்தது. வெயில் தாழ்ந்து அஸர் தொழுகை ஆனதும் மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள். “உம்மா!” என்று கத்தினேன்.

சர்பத்தைத் தொடாமல் எழுந்தவர்

ஒரு பித்தளைக் குழந்தைக்கா இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். போன வாரம் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியபோது கூடத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், தேக்கா மாட்டுக் கொட்டகைகளின் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அந்தக் கூடத்தில்தான் வீட்டு ஆண்கள் தொழுவார்கள். தொழும் இடத்தில் உருவம் இருக்கலாகாது. இது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் என் பயமெல்லாம் வர இருந்த மனிதரைப் பற்றியது. மாப்பிள்ளையின் வாப்பா, நாகூர்க்காரர். வருஷத்துக்கு ஒரு முறை துணி மூட்டைகளோடு கப்பலில் வந்து, ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கும் கிட்டங்கியில் தங்கி, விற்று முடித்துத் திரும்புகிற வியாபாரி.

அதற்கு முந்தின வருஷம் இதே மகனுக்காக அவர் கம்போங் கிளாம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார். கூடத்துச் சுவரில், காலமான பெரியவர் ஒருவரின் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அவர் அதை ஒரு முறை பார்த்தார். எதிரில் வைத்த சர்பத்தைத் தொடாமல் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்களில் சர்பத்தைக் குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். தொடாமல் எழுந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த வீட்டுப் பெண் ஜுலைகா என்னோடு சேர்ந்து குர்ஆன் ஓதியவள். என்னைவிட நன்றாக ஓதுவாள், என்னைவிட நன்றாகச் சண்டையும் போடுவாள். சர்பத் தொடாத வீடு என்று பேர் வாங்கிய பிறகு அந்த வாசலில் யாரும் ஏறவில்லை. அவளைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பி, மனைவியை இழந்த ஒரு பிள்ளைகுட்டிக்காரருக்குக் கட்டிவைத்தார்கள். அவள் போன பிறகு எங்கள் வீடுகளில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை, எடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எனக்கும் ஊரில் ஓர் இடத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் அமையாவிட்டால் பெண்ணை அடுத்த கப்பலில் அனுப்பு என்று ஊரிலிருந்த என் தாய்மாமா ஆள் மூலம் சொல்லியிருந்தார். உம்மாவுக்கு இளைப்பு நோய். கடல் பயணம் ஆகவே ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் ஒரே பிள்ளை. நான் கப்பல் ஏறினால் உம்மாவை மறுபடி உயிரோடு பார்க்கப்போவதில்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

இந்த மாப்பிள்ளைக்கோ இங்கேயே துறைமுகத்தில் கிளார்க்கு உத்தியோகம். எங்கள் வழக்கத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். அதனால் அவர் வாப்பா பார்க்க வருவது வீட்டை. கூடத்தில் லஸ்தர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டும் அனுப்பிவிட்டார். சர விளக்கை அப்போது லஸ்தர் என்போம். அவர்கள் தெருவில் மாப்பிள்ளையை லஸ்தருக்கு அடியில்தான் உட்காரவைப்பார்களாம். எங்கள் கூடத்தில் அரிக்கன் விளக்குதான் தொங்கியது.

கோச்சு வண்டிக்குள்ளிருந்து பார்த்த விளக்கு

இப்போது ஜாலான் புசார் பக்கம் ஒரு நடை நடந்தால் இரும்புச் சாமான், மின்சாரச் சாமான் எல்லாம் வாங்கிவிடலாம். அப்போது அங்கே பாக்குத் தோப்பும் சேறும்தான். விளக்கு வேண்டுமென்றால் நார்த் பிரிட்ஜ் ரோட்டுக்குப் போக வேண்டும். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்களை லெலோங்கில், அதாவது ஏலத்தில், எடுத்து விற்கும் சீனர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார்.

தானே போய் வாங்கி வருவதாக வாப்பா சொன்னார். உம்மா ஒப்பவில்லை. வாப்பா தனியாகப் போய் வாங்கி வந்த பீரோ மாடிப்படி ஏறாமல் வருஷக் கணக்கில் கீழேயே நின்றுகொண்டிருந்தது. கைலி வியாபாரத்தில் வாப்பா கெட்டிக்காரர். கைலியை மடித்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் இடம் என்ற நினைப்பே அவருக்கு வராது.

உம்மா ஒரு நூலில் இரண்டு முடிச்சுப் போட்டார். தரையிலிருந்து உத்திரம் வரை நூல். தலைப்பாகை கட்டிய ஆளின் உயரத்தில் ஒரு முடிச்சு, கொக்கி வரும் இடத்தில் ஒரு முடிச்சு. விளக்கு அந்த இரண்டுக்கும் இடையில் அடங்க வேண்டும். நூலை வாப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கோச்சு வண்டியைக் கூப்பிடச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் வண்டியைவிட்டு இறங்க முடியாது. அந்நிய ஆண்கள் நிற்கிற கடைப்படியை உம்மா அதுவரை மிதித்ததே இல்லை. ஆகவே கடை எங்களிடம் வந்தது. கடையாட்கள் இருவர் ஒரு மூங்கிலில் விளக்கை மாட்டித் தோளில் சுமந்து, வண்டி ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பலகைக் கதவின் இடுக்கு வழியாக நாங்கள் பார்த்தோம். உம்மா பேசினால் வெளியே ஆண்களுக்குக் கேட்கும். பிடித்திருந்தால் வளையலால் கதவைத் தட்டுவது, பிடிக்காவிட்டால் சும்மா இருப்பது என்று வாப்பாவோடு ஏற்பாடு.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். பால்காரர் ஒருவர் தலையில் கூஜாவோடு நின்றார். உம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கூட்டம் என்றாலே அவருக்கு இழுக்கும்.

முதலில் வந்தது பெரிய விளக்கு. நூலைப் பிடித்துப் பார்த்த வாப்பா தானே கையை ஆட்டித் திருப்பி அனுப்பினார். அடுத்தது பச்சைக் கண்ணாடி வைத்தது. உம்மாவின் கை வளையலோடு மெல்ல எழும்பியது. எனக்கு அதைப் பார்த்தால் மருந்து பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. நான் உம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை முறைத்தார், ஆனால் தட்டவில்லை.

மூன்றாவதாக இந்த விளக்கு வந்தது. சின்னது. மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகிவரும் மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் மெழுகுத்திரி வைக்கக் கண்ணாடிக் கிண்ணங்கள், அவற்றைச் சுற்றிப் பளிங்குச் சரங்கள். வெயில் அதில் பட்டதும் இருட்டாக இருந்த வண்டிக்குள் நிறம் நிறமாகப் பொட்டுகள் விழுந்தன. உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி முழுக்கச் சிவப்பும் நீலமும் ஓடின. மூச்சு இழுப்பதைக்கூட அவர் மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அது ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை, எங்கள் குதிரைக்கு இன்னும் பழகவில்லை. குதிரை பின்வாங்கியது, வண்டி ஆடியது, வெளியே மூங்கிலில் விளக்கு கலகலவென்று சாய்ந்தது. சுமந்தவன் கத்தினான். உடைந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை.

“உனக்குப் புடிச்சிருக்கா புள்ள?” என்று உம்மா காதோடு கேட்டார்.

மாப்பிள்ளையைப் பற்றி அதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புடிச்சிருக்கு உம்மா என்றேன். உம்மா வளையலால் கதவைத் தட்டினார்.

வாப்பா கொக்கியை இழுத்துப் பார்த்தார், சங்கிலியை இழுத்துப் பார்த்தார், ஒரு மணி நேரம் பேரம் பேசினார். பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வந்தவர் குனிந்து அடியில் பார்க்கவில்லை. பழைய கைலியில் பொதிந்து, கடையாட்கள் மூங்கிலிலேயே தூக்கி வந்தார்கள். மறுநாள் ஒரு சீனத் தச்சர் வந்து பொதியோடு மாட்டிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொதியை மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த அன்று காலையில்தான் அவிழ்த்தோம். வண்டி ஜன்னலில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்து வாங்கிய விளக்கு. நாங்கள் உட்காரப்போவதோ அதற்குக் கீழே, பாயில். இப்படி ஒரு தப்பு எங்களைப் போன்ற கோஷாப் பெண்களுக்குத்தான் வாய்க்கும்.

வெள்ளைத் துணியும் கோதுமைப் பசையும்

உம்மாவைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்து மேலே காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க வாப்பாக்கிட்ட சொல்லிடாதே. அவங்க மூஞ்சியே எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்” என்றார்.

முக்காலி போட்டு ஏறினேன். முதலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினேன். அடிபட்ட விரலுக்குக் கட்டுப்போட்ட மாதிரி அது பளிச்சென்று தெரிந்தது. இது என்ன என்று கேட்காதவரும் கேட்பார். அவிழ்த்தேன். கோதுமைப் பசை காய்ச்சி மஞ்சள் காகிதம் ஒட்டினேன். மூக்கு துருத்திக்கொண்டிருந்ததால் காகிதம் உட்காரவில்லை, கொஞ்ச நேரத்தில் உரிந்து தொங்கியது. ராவி எடுக்க வீட்டில் அரம் இல்லை. விளக்கையே கழற்றிவிடலாம் என்றால் அது இரண்டு ஆண்கள் தூக்கும் கனம், லஸ்தர் எங்கே என்று வருகிறவர் கேட்பார்.

உம்மாதான் திடீரென்று எழுந்து மெழுகுத்திரிகளை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். ஒவ்வொன்றாக எரிய எரிய அடித்தட்டு நிழலுக்குள் போனது. கீழே படுத்து அண்ணாந்து பார்த்தேன். கண் கூசியது. குழந்தையைக் காணவில்லை.

ஆனால் திரிகள் கடைக்காரர் சும்மா கொடுத்த எரிந்து மிஞ்சிய துண்டுகள். அவர்கள் வரும் வரை தாங்க வேண்டும், பேசி முடியும் வரை தாங்க வேண்டும். அணைத்துவிட்டு, அஸர் பாங்கு சொல்லும்வரை காத்திருந்து மறுபடி ஏற்றினோம்.

வாப்பா கடையிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“பட்டப்பகல்ல எதுக்கு இத்தனை திரி?”

“வர்றவங்க லஸ்தரைப் பாக்கத்தானே வர்றாங்க” என்றார் உம்மா. வாப்பாவுக்கு மனசே இல்லை, இருந்தாலும் போய்க் கை கால் கழுவினார்.

விருந்தினருக்கான நல்ல பாயை உம்மா சுவரோரம் போட்டிருந்தார். வாப்பா திரும்பி வந்து அதை இழுத்து விளக்குக்கு நேர் கீழே போட்டார். உம்மா திரைக்குப் பின்னாலிருந்து கையால் சைகை காட்டினார். வாப்பா புரியாமல் பாயை இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தினார்.

அவர்கள் நேரத்துக்கு வரவில்லை. நான் திரை இடுக்கில் நின்று திரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது அவை சுண்டுவிரல் அளவுக்கு இறங்கியிருந்தன. மாப்பிள்ளையின் வாப்பாவும் கிட்டங்கியில் கூடத் தங்கியிருந்த இருவரும் வந்தார்கள். அவர் ஒல்லியான மனிதர், தொப்பி, வெள்ளை அங்கி. வாப்பா அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நடுப்பாயில் உட்காரவைத்தார்.

கப்பலைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், கைலி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆண்களுக்கு விலை பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒரு மெழுகுச் சொட்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பாயில் விழுந்தது. உம்மா என் தோளைப் பற்றினார். சர்பத் வந்தது. எதிரில் வைத்தார்கள். அவர் எடுக்கவில்லை.

அப்போது யாரோ வாசல் கதவை முழுசாகத் திறந்தார்கள். காற்று உள்ளே வந்தது. வாசல் பக்கத்துத் திரிகள் படபடவென்று ஆடி அணைந்தன. கண் கூசிய வெளிச்சம் குறைந்து, கதவு வழியே வந்த வெயில் அடித்தட்டில் பட்டது. புகை எழுந்தது. புகையைப் பார்க்க அவர் தலையைத் தூக்கினார்.

தூக்கிய தலை இறங்கவில்லை. கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாப்பா சிரித்த முகத்தோடு அவரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மாவின் இளைப்பு எனக்குக் கேட்டது, கூடத்துக்கும் கேட்டிருக்கும். ஜுலைகா தலைகுனிந்து கப்பல் ஏறியது என் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவர் தலையைத் தாழ்த்தினார். பெண்ணின் உம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பா இளைப்பு நோயைச் சொன்னார், டாக்டர் சொன்னதையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே சர்பத்தை எடுத்தார். பிஸ்மி சொல்லி ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

நான் திரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்க்கவில்லை, புகையைத்தான் பார்த்தார் என்று உம்மா இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நம்பினேன்.

மறுநாளே தேக்காவிலிருந்து ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவரை வரவழைத்து, பித்தளைக்கு மெருகு போடுவதாக வாப்பாவிடம் சொல்லி, அந்த முகத்தை அரம் போட்டு ராவி எடுத்தோம். கல்யாணம் அந்த விளக்கின் கீழே நடந்தது. மாப்பிள்ளை குடி வந்தார். நான் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. உம்மா என் மூத்த மகன் பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தார், என் மடியில்தான் கண்ணை மூடினார்.

ராவிய இடம்

வருஷங்கள் ஓடின. கரண்டு வந்தது, திரிகளுக்கு வேலை இல்லாமல் போனது. மாமனார் வருஷா வருஷம் வந்து போய்க்கொண்டிருந்தார். என் மகனுக்கு மீசை அரும்பிய வருஷம் வந்தபோது, இனித் தன்னால் கப்பல் ஏற முடியாது என்றும் இதுதான் கடைசிப் பயணம் என்றும் சொன்னார். விடைபெற வந்த அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு மரியாதைக்குக் கதவோரம் நின்றேன்.

அவர் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்த்தார்.

“அந்தக் கொழந்தை மூஞ்சியை எப்ப ராவுனீங்க புள்ள?”

கல்யாணத்துக்கு முந்தியே என்று எப்படியோ சொன்னேன். பிறகு, இத்தனை வயசுக்கு மேல் என்ன பயம் என்று கேட்டுவிட்டேன்.

“பாத்துட்டு ஏன் மாமா சர்பத்தைக் குடிச்சீங்க?”

அவர் காபித் தம்ளரைப் பாயில் மெல்லச் சுற்றினார்.

“முந்தின வருசம் ஒரு வீட்டுல குடிக்காம எந்திரிச்சேன். அந்தப் பொண்ணை ஏத்துன கப்பல்லதான் நானும் ஊருக்குப் போனேன். நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. நாகப்பட்டினம் வர்ற வரைக்கும் உம்மா உம்மான்னு அழுதுக்கிட்டே வந்துச்சு.”

அவர்மேல் எனக்கு நன்றி பொங்கியது, கோபமும் பொங்கியது. என் உம்மா என் மடியில் போனதற்கு அவள் அழுகை வேண்டியிருந்ததா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேரை மட்டும் எடுத்தேன்.

“அவ பேரு ஜுலைகா, மாமா.”

அவர் தலையை ஆட்டினார். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்து, அவர் கையிலேயே கொடுத்தேன்.